கவிஞர் ஸ்காட் நாவலாசிரியர் ஆன கதை

"வால்டர் ஸ்காட் முதலில் கவிஞராகத்தான் பெரும்புகழ் பெற்றார் என்று படித்தேன். அப்புறம் ஏன் கவிதையை விட்டுவிட்டு வரலாற்று நாவலுக்கு வந்தார்? பைரனோடு போட்டி போட முடியாமலா?" என்பது கேள்வி.

சமகால ஆங்கிலக் கவிஞர் பைரன்தான் காரணம் என்பது பாதிதான் சரி. ஸ்காட்டே அப்படிச் சொல்லிவிட்டதால் அந்தப் பதில் நிலைத்துவிட்டது. பைரன் தன்னை வென்றுவிட்டார், அதனால் நிறுத்திக்கொண்டேன் என்று கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய மனிதர் அவர். ஆனால் அவருடைய நூல்களை வெளிவந்த வரிசையில் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1802-ல் அவர் வெளியிட்ட ஒரு கதைப்பாடல் தொகுப்பிலிருந்துதான் எல்லாமே கிளம்புகிறது. அவருடைய கவிதை அதிலிருந்து வந்தது. கவிதைக்குள் அடங்காமல் மிஞ்சியது நாவலாக ஆனது. கடைசியில் அவரைப் பெருங்கடனில் தள்ளிய தொழில் தொடர்பும் அந்தத் தொகுப்பை அச்சடித்த இடத்தில்தான் தொடங்கியது. அதனால் அவருடைய எழுத்து வாழ்க்கையைக் கவிதைக் காலம், நாவல் காலம் என்று இரண்டாக வெட்டிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அவர் 1771 ஆகஸ்ட் 15 அன்று எடின்பரோவில் பிறந்தார். அப்பா வக்கீல், அம்மாவின் அப்பா மருத்துவப் பேராசிரியர். ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல் வலது காலை ஊனமாக்கிவிட்டது. இளம்பிள்ளை வாதம் என்று இன்று சொல்கிறோமே, அதுதான். கிராமத்துக் காற்று பட்டால் தேறுவான் என்று இங்கிலாந்து எல்லைப் பக்கம் சாண்டிநோ என்ற இடத்தில் இருந்த தாத்தாவின் பண்ணைக்கு அனுப்பினார்கள். கால் முழுதாகத் தேறவில்லை. ஆனால் பாட்டியும் ஜேனட் அத்தையும் சொன்ன கதைகளும் பாட்டுகளும் பையனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

அந்த எல்லைப்புறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் யாருடைய சட்டமும் சரியாகச் செல்லாத நிலம் அது. இரவில் எல்லை தாண்டிப் போய் மாடுகளை ஓட்டிவருவது, பறிகொடுத்தவர்கள் விரட்டிப் போய் மீட்பது, இடையில் விழுந்த கொலைக்குப் பழிவாங்குவது என்று குலம் குலமாக வாழ்ந்தார்கள். வெட்சியும் கரந்தையும் படித்த நமக்கு அது அந்நியமான உலகமே அல்ல. ஸ்காட்டின் முன்னோர் ஒருவரே பெயர்பெற்ற மாடு கவர்பவர். வீட்டில் இறைச்சி தீர்ந்துவிட்டால் அவர் மனைவி மூடிய தட்டில் குதிரைக்காரர் மாட்டும் குதிமுள்ளை வைத்துக் கொண்டுவந்து வைப்பாளாம். "எழுந்து போய் மாடு ஓட்டி வா" என்று அர்த்தம். இந்தக் குடும்பக் கதையைச் சொல்வதில் ஸ்காட்டுக்குத் தனிப் பெருமை.

பிறகு எடின்பரோவில் படிப்பு, அப்பாவிடமே தொழில் பழகியது, 1792-ல் வழக்கறிஞர் ஆனது எல்லாம் வழக்கமான பாதை. 1799-ல் செல்கர்க் வட்டாரத்துக்கு ஷெரிஃப் பதவி கிடைத்தது, ஆண்டுக்கு 300 பவுன் சம்பளம். அங்கே ஷெரிஃப் என்றால் கிட்டத்தட்ட உள்ளூர் நீதிபதி. அதற்கு முன்பே ஜெர்மன் கவிதைகளை மொழிபெயர்த்திருந்தார், கதேயின் நாடகம் ஒன்றையும் மொழிபெயர்த்து வெளியிட்டார். அவற்றை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை.

முக்கியமான வேலை கோர்ட் விடுமுறைகளில் நடந்தது. சரியான சாலையே இல்லாத லிட்டிஸ்டேல் பள்ளத்தாக்குக்கு ராபர்ட் ஷார்ட்ரீட் என்ற நண்பரோடு ஆண்டுதோறும் குதிரையில் போனார். பண்ணை வீடுகளில் தங்கி, குடித்து, சாப்பிட்டு, கிழவர்களையும் கிழவிகளையும் பாடச்சொல்லிக் கேட்டார். பழைய கதைப்பாடல்கள் இப்படிச் சேர்ந்தன. 1802-ல் இரண்டு தொகுதிகள், 1803-ல் மூன்றாவது. ஸ்காட்லாந்து எல்லைப்புறப் பாடகர்களின் பாடல்கள் என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நம்மூரில் நா. வானமாமலை கட்டபொம்மன் கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் பதிப்பித்தது போன்ற வேலைதான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: ஸ்காட் கேட்டதைக் கேட்டபடி அச்சேற்றவில்லை. பல வடிவங்களை ஒட்டினார், விட்டுப்போன வரிகளைத் தானே இட்டு நிரப்பினார். இன்றைய நாட்டார் ஆய்வாளர் எவரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்.

அன்றைக்கே ஒருவர் சம்மதிக்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டே கவிதை எழுதிய ஜேம்ஸ் ஹாக்கின் தாயார் மார்கரெட் லெய்ட்லா. ஸ்காட்டுக்குப் பாடிக் காட்டியவர்களில் அவரும் ஒருவர். புத்தகம் வந்த பிறகு அவர் ஸ்காட்டின் முகத்துக்கு நேரே சொன்னதை ஹாக் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பாட்டுகள் பாடுவதற்கு உண்டானவை, படிப்பதற்கு அல்ல. நீங்கள் அச்சுப்போட்டு அவற்றின் மந்திரத்தை உடைத்துவிட்டீர்கள், இனி யாரும் பாட மாட்டார்கள். போதாக்குறைக்கு எழுத்தும் தப்பு, அச்சும் தப்பு. இதுதான் அவர் சொன்னதன் சாரம். ஸ்காட்டைப் பற்றி வந்த விமரிசனங்களில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் படித்ததில்லை.

சரி, இந்தத் தொகுப்பு ஸ்காட்டுக்கு என்ன கொடுத்தது? முதலில், குரல்கள். எடின்பரோ வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு மேய்ப்பர், பண்ணையாள், நாடோடி, கிழவி ஆகியோர் எப்படிப் பேசுவார்கள் என்பது காதில் ஏறியது. அடுத்து, அச்சகம். அதை அச்சடித்தவர் கெல்சோ ஊரில் இருந்த ஜேம்ஸ் பாலன்டைன், பள்ளித் தோழர். வேலை அழகாக இருந்ததால் ஸ்காட் அவரை எடின்பரோவுக்கு வரச்சொன்னார், பணம் கொடுத்தார், 1805-ல் அச்சகத்தில் ரகசியப் பங்குதாரர் ஆனார். நீதித்துறையில் இருக்கும் கனவான் வியாபாரம் செய்வது மரியாதைக் குறைவு என்பதால் ரகசியம். இந்தப் பங்கு பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 1805-ம் ஆண்டிலேயே முதல் நெடுங்கவிதை வந்தது, 'தி லே ஆஃப் தி லாஸ்ட் மின்ஸ்ட்ரல்'. தொகுப்புக்காக எழுத ஆரம்பித்த ஒரு பாட்டு நீண்டுபோய்த் தனி நூலானது அது. கடைசிப் பாணன் ஒருவன் ஒரு சீமாட்டியின் மாளிகையில் யாழை மீட்டிப் பழைய எல்லைப்புறக் கதையைப் பாடுவதாக அமைப்பு. சக்கைப்போடு போட்டது. அடுத்து 'மார்மியன்'. ஆர்ச்சிபால்டு கான்ஸ்டபிள் என்ற பதிப்பாளர் அதை முழுதாகப் பார்க்காமலேயே 1,000 கினி, அதாவது 1,050 பவுன், கொடுத்தார். 1808-ல் வெளிவந்தது. ஷெரிஃப் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மூன்றரை ஆண்டுச் சம்பளம் ஒரே கவிதைக்கு.

1810-ல் வந்த 'தி லேடி ஆஃப் தி லேக்' அதையும் தாண்டியது. ஓராண்டுக்குள் 20,000 பிரதிகள். கவிதை நூல்! கதை நடக்கும் கேட்ரின் ஏரியைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் கிளம்பியதில் சுற்றுவட்டார விடுதிகள் நிரம்பி வழிந்தன. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி சுற்றுலாத் தலம் ஆனதில் இந்தக் கவிதைக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் எல்லன் என்ற பெண் பாடும் பிரார்த்தனைப் பாட்டின் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்குத்தான் ஷூபர்ட் 1825-ல் இசையமைத்தார். 'ஆவே மரியா' என்று உலகம் முழுக்க இன்றும் பாடுகிறார்களே, அது இதிலிருந்து போனது. பாடுபவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்காட் பெயரே தெரியாது.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். இந்தக் கவிதைகளின் பழைய பதிப்பைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது பின்னால் இருக்கும் குறிப்புகள். பக்கம் பக்கமாக ஓடும். இந்தக் கோட்டை யாருடையது, இந்தக் குலத்துக்கும் அந்தக் குலத்துக்கும் என்ன பகை, பேய் பற்றி இந்த ஊர்க்காரர்கள் என்ன நம்பினார்கள், இப்படி. சில இடங்களில் கவிதை வரியைவிடக் குறிப்பு சுவாரஸ்யமாக இருக்கிறது. கவிதையில் வீரனும் சீமாட்டியும் துறவியும்தான் வாய் திறக்கிறார்கள், எல்லாரும் ஒரே தொனியில். எட்டு அசை வரிகள் குதிரைக் குளம்பு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். நூறு பக்கம் தாண்டினால் அலுப்புத் தட்டும். லிட்டிஸ்டேல் பண்ணை வீட்டில் அவர் கேட்ட கேலியும் வசவும் பேரம் பேசுதலும் அந்தச் சந்தத்துக்குள் நுழையவே முடியாது. அவருக்குத் தெரிந்த மனிதர்களில் முக்கால்வாசிப் பேர் அடிக்குறிப்பில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வெளியே வர உரைநடை தேவைப்பட்டது.

இது பைரன் வருவதற்கு முன்பே அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். 'வேவர்லி' நாவலை 1805 வாக்கில் தொடங்கியதாக அவரே பின்னாளில் எழுதிய முன்னுரையில் சொல்கிறார். முதல் சில அத்தியாயங்களை நண்பர் ஒருவரிடம் காட்ட, அவர் உதட்டைப் பிதுக்க, தூக்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்.

பைரனின் 'சைல்டு ஹரால்டு' நெடுங்கவிதை 1812-ல் வந்தது. ஊரெல்லாம் பைரன் பேச்சாயிற்று. 1813-ல் ஸ்காட் வெளியிட்ட 'ரோக்பி' முந்தையவை போல ஓடவில்லை. அரசவைக் கவிஞர் பதவி அதே ஆண்டு தேடி வந்தது. வேண்டாம் என்று மறுத்து ராபர்ட் சவுதியைக் கைகாட்டினார். கூடவே பணச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. கான்ஸ்டபிளோடு மனத்தாங்கல் ஏற்பட்டு 1809-ல் பாலன்டைன் குடும்பத்தோடு சேர்ந்து சொந்தப் பதிப்பகம் ஆரம்பித்திருந்தார். ஸ்காட்டுக்குப் பிடித்த, வேறு யாருக்கும் வேண்டாத பழஞ்சுவடி நூல்களையெல்லாம் போட்டு அது 1813-ல் மூழ்கும் நிலைக்கு வந்தது. 1811-லேயே ட்வீட் ஆற்றங்கரையில் ஒரு பண்ணையை வாங்கி, அபட்ஸ்ஃபோர்டு என்று பெயர் வைத்து, பழங்காலக் கோட்டை போல ஒரு வீடு கட்டும் ஆசையும் தொடங்கியிருந்தது.

இந்த நெருக்கடியில்தான் தூண்டில் சாமான் தேடி ஒரு பழைய மேசையைத் துழாவியபோது 'வேவர்லி' கையெழுத்துப் பிரதி அகப்பட்டதாம். அவர் சொன்ன கதை அது. நாவலாசிரியர் சொன்னது என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேட்கலாம். மீதி இரண்டு தொகுதிகளையும் 1814 கோடையில் மூன்றே வாரத்தில் எழுதி முடித்தார். ஜூலை 7 அன்று பெயர் போடாமல் வெளிவந்தது. முதல் அச்சு 1,000 பிரதி, சில வாரங்களில் தீர்ந்தது.

1745-ல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் மலைநாட்டுக் குலங்களைத் திரட்டி ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பியதுதான் 'வேவர்லி'யின் களம். அவர் எழுதத் தொடங்கிய 1805-க்கு அறுபது ஆண்டுப் பழசு. அந்தப் போரில் வாள் பிடித்த ஒரு கிழவர், இன்வர்னஹைல் பகுதி ஸ்டூவர்ட், ஸ்காட்டின் அப்பாவுக்குக் கட்சிக்காரர். சிறுவயதில் அவர் வாயாலேயே கதை கேட்டவர் ஸ்காட். கேட்டவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்ற தவிப்பு அதில் தெரியும். வேறு வகையில் சொன்னால், கதைப்பாடல் சேகரித்த அதே வேலையின் அடுத்த கட்டம்.

நாயகன் எட்வர்ட் வேவர்லி ஒன்றும் பெரிய வீரன் அல்ல. இந்தப் பக்கமும் சாய்வான், அந்தப் பக்கமும் சாய்வான். இங்கிலாந்து ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவன் கலகக்காரர்களோடு போய்ச் சேர்கிறான். இதை ஒரு குறையாகவே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஹங்கேரிய விமரிசகர் லூகாச்தான் இது குறையல்ல, ஸ்காட்டின் கண்டுபிடிப்பே இதுதான் என்று விளக்கினார். நடுவாந்திர மனிதன் ஒருவனை இரண்டு முகாம்களுக்கும் இடையே நடக்கவிட்டால் வாசகர் இரண்டு பக்கத்தையும் பார்க்கலாம். ராஜாவும் இளவரசரும் ஓரமாக வந்து போவார்கள். 'பொன்னியின் செல்வன்' தலைப்பு அருள்மொழிவர்மனைச் சொன்னாலும் நாம் சோழ நாட்டைச் சுற்றுவது வந்தியத்தேவனோடுதானே? கல்கி ஸ்காட்டையும் பிரெஞ்சு நாவலாசிரியர் டூமாவையும் ஊன்றிப் படித்தவர். என்ன, வந்தியத்தேவன் வேவர்லியைவிட நூறு மடங்கு கலகலப்பானவன்.

பெயர் போடாததற்குக் காரணம் பல. 1806 முதல் அவர் எடின்பரோ உயர்நீதிமன்றத்தில் எழுத்தர் பதவியும் வகித்தார். 1812-க்குப் பிறகு அதற்கு ஆண்டுக்கு 1,300 பவுன் வந்தது. அப்படிப்பட்டவர் நாவல் எழுதுவதா என்ற தயக்கம் ஒன்று. கவிஞர் என்ற பெயரைப் பணயம் வைக்க வேண்டாம் என்பது இன்னொன்று. நாவல் அன்று மட்டமான சரக்கு. பிற்பாடு அந்த விளையாட்டே அவருக்குப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று வேறொருவரைக் கொண்டு நகலெடுத்துத்தான் அச்சுக்குக் கொடுத்தார். 1817-ல் தன் நாவலுக்குத் தானே, ஒரு நண்பரின் துணையோடு, பெயரில்லாமல் ஒரு மதிப்புரை எழுதி வெளியிட்டார். அதில் நாயகர்கள் சப்பையாக இருக்கிறார்கள் என்று குறையும் சொல்லிக்கொண்டார்!

யாரும் ஏமாந்ததாகத் தெரியவில்லை. புத்தகம் வந்த மூன்றாவது மாதமே, 1814 செப்டம்பரில், ஜேன் ஆஸ்டன் தன் அண்ணன் மகளுக்கு எழுதிய கடிதத்தில் வால்டர் ஸ்காட்டுக்கு நாவல் எழுத என்ன உரிமை இருக்கிறது, அதுவும் நல்ல நாவல் எழுத, கவிஞராகக் கிடைத்த பேரும் காசும் போதாதா என்று செல்லமாகக் கோபித்துக்கொள்கிறார். 1821-ல் அடால்ஃபஸ் என்ற இளைஞர் கவிதைகளையும் நாவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எழுதியவர் ஒருவரே என்று ஒரு புத்தகமே போட்டார். அவர் காட்டிய தடயங்களில் எனக்குப் பிடித்தது இது: நாவலாசிரியர் சமகாலக் கவிஞர்களையெல்லாம் பாராட்டுகிறார், 'மார்மியன்' எழுதியவரை மட்டும் விட்டுவிடுகிறார். ஸ்காட் கோபப்படாமல் அவரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார்.

அடால்ஃபஸ் செய்ததைத்தான் நானும் இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாவல்களுக்குள் கவிஞர் ஸ்காட் ஓயவே இல்லை. அத்தியாயத் தலைப்பில் மேற்கோள் போடும் வழக்கம் அவருக்கு உண்டு. பொருத்தமான வரி கிடைக்காவிட்டால் அவரே எழுதி 'பழைய நாடகம்' என்று கீழே போட்டுவிடுவார். தொகுப்பில் விட்டுப்போன வரிகளை நிரப்பிய அதே கைப்பழக்கம். பாத்திரங்கள் பாடும் பாட்டுகளோ இன்னும் மேல். 'தி ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்' நாவலில் மனம் பேதலித்த மேட்ஜ் என்ற பெண் சாகும் தறுவாயில் பாடும் பாட்டு பதினாறே வரி. செருக்குள்ள மேய்சி காட்டில் நடக்கிறாள், எனக்கு எப்போது கல்யாணம் என்று குருவியைக் கேட்கிறாள், ஆறு பேர் உன்னைத் தூக்கிப் போகும்போது என்கிறது குருவி. படுக்கையை யார் தயார் செய்வார் என்று கேட்கிறாள். குழி தோண்டுபவன் என்று பதில். மூன்று நெடுங்கவிதைகளைச் சேர்த்து வைத்தாலும் இந்தப் பதினாறு வரிக்கு ஈடாகாது என்பேன். மார்கரெட் லெய்ட்லா பாடியிருந்தால் பழம்பாட்டு என்றே எல்லாரும் நம்பியிருப்பார்கள். பூங்குழலி ஓடத்தில் பாடும் 'அலைகடலும் ஓய்ந்திருக்க' பாட்டு நமக்கு நாவலோடு சேர்ந்தே ஞாபகம் வருவது போல, ஆங்கில வாசகருக்கு இது.

அந்த நாவலை 1818-ல் எழுதினார். அதன் நாயகி ஜீனி டீன்ஸ் மாடு வளர்க்கும் ஏழைக் குடியானவரின் மகள். அழகி என்றும் சொல்லவில்லை. தங்கை மீது குழந்தைக் கொலைக் குற்றம். ஒரே ஒரு பொய்ச்சாட்சி சொன்னால் தங்கை பிழைப்பாள். ஜீனி பொய் சொல்ல மறுக்கிறாள். ஆனால் எடின்பரோவிலிருந்து லண்டன் வரை, பெரும்பாதி தூரம் நடந்தே, போய் ராணியிடம் மன்னிப்புக் கேட்டு வாங்குகிறாள். ராணியிடம் அவள் பேசும் பேச்சு அவளுடைய சொந்த ஸ்காட் வழக்கில் இருக்கிறது. கவிதையில் இப்படி ஒருத்திக்கு இடமே இருந்திருக்காது.

1814-லிருந்து 1819 வரையிலான ஐந்தாண்டு அவருடைய பொற்காலம். 'கை மேனரிங்', 'தி ஆன்டிக்வரி', 'ஓல்டு மோர்ட்டாலிட்டி', 'ராப் ராய்', 'மிட்லோதியன்', 'தி பிரைடு ஆஃப் லாமர்மூர்' எல்லாம் இந்தக் கணக்கில். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டார் காலைச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் அன்றைய எழுத்தை முடித்துவிடுவார். பிறகு கோர்ட், விருந்தாளிகள், மரம் நடுதல். இவர் எப்போது எழுதுகிறார் என்று விருந்தினருக்கே புரியாது.

1819 டிசம்பரில் 'ஐவன்ஹோ' வந்தது. முதன்முறையாக ஸ்காட்லாந்தை விட்டு 12-ம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போனார். விற்பனை எகிறியது, ஐரோப்பா முழுக்கப் பரவியது. நம்மூர்ப் பள்ளிப் பாடங்களிலும் சுருக்க வடிவில் தலைகாட்டியது. எனக்கென்னவோ சரிவு தொடங்குவது இங்கேதான் என்று படுகிறது. அங்கே அவருக்குக் காதில் விழுந்த குரல் எதுவும் இல்லை, புத்தகத்தில் படித்ததுதான் உண்டு. முன்பே அங்கே இருந்த சாக்சன்களுக்கும் பிறகு வென்று ஆண்ட நார்மன்களுக்கும் இருந்த பகையை ரிச்சர்ட் மன்னர் காலத்திலும் அவ்வளவு கொதிப்பாகக் காட்டியது வரலாற்றுக்கு ஒத்துவராது. நாவலில் வரும் செட்ரிக் என்ற பெயரே செர்டிக் என்ற பழம்பெயரை இவர் மாற்றி எழுதியதால் பிறந்தது. இன்று உலகெங்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள். நாவலில் உயிருள்ள பாத்திரம் ரெபெக்கா என்ற யூதப் பெண்தான்.

அதற்குப்பின் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு என்று நாவல்கள். 'கெனில்வொர்த்' 1821-ல் மூன்று தொகுதி ஒன்றரை கினி என்று விலை வைத்தது. அடுத்த பல பத்தாண்டுகள் இங்கிலாந்தில் புதிய நாவலின் விலையே அதுதான் என்று ஆகிவிட்டது. 1820-ல் 'சர்' பட்டம். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது வரவேற்பை வடிவமைத்தவர் ஸ்காட். மன்னருக்கே மலைநாட்டுக் கட்டம்போட்ட உடை மாட்டிவிட்டார். இதையெல்லாம் விரித்துச் சொல்ல எனக்கு ஆர்வமில்லை.

பணம்தான் கதையின் மறுபாதி. எழுதாத, பெயர்கூட வைக்காத நாவல்களுக்கு, மறுபடி சேர்ந்துகொண்ட கான்ஸ்டபிளிடம் முன்பணம் வாங்கினார். ரொக்கமாக அல்ல, தவணை உண்டியல்களாக, அதாவது இன்ன தேதியில் பணம் தருகிறேன் என்று கையெழுத்திட்ட சீட்டுகளாக. அவற்றைப் பாலன்டைன் அச்சகம் வங்கியில் மாற்றிக்கொள்ளும். இவர் கையெழுத்துக்கு அவர் பொறுப்பு, அவர் கையெழுத்துக்கு இவர் பொறுப்பு என்று சீட்டுகள் சுற்றிக்கொண்டே இருந்தன. வந்த பணமெல்லாம் அபட்ஸ்ஃபோர்டு கட்டடத்திலும் பக்கத்து நிலங்களிலும் போனது. 1825 டிசம்பரில் லண்டன் வங்கிகளில் பீதி கிளம்பியது. 1826 ஜனவரியில் கான்ஸ்டபிளின் லண்டன் முகவர்கள் விழ, கான்ஸ்டபிள் விழ, பாலன்டைன் அச்சகமும் விழுந்தது. ரகசியப் பங்குதாரர் தலையில் ஏறத்தாழ 1,20,000 பவுன் கடன். கெல்சோ அச்சகத்தில் தொடங்கியது இங்கே வந்து நின்றது.

திவால் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். சட்டம் தெரிந்தவர்தான். யாரிடமும் உதவி வேண்டாம், என் வலது கை இந்தக் கடனை அடைக்கும் என்றார். கடன் கொடுத்தவர்களுக்காக ஓர் அறக்கட்டளை அமைத்து, எழுதி வரும் பணமெல்லாம் அதற்கே என்று ஒப்புக்கொண்டார். அந்த மே மாதமே மனைவி ஷார்லட் இறந்தார். அந்த நாட்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு வெளியீட்டுக்காக எழுதியதல்ல. அவர் உரைநடையில் அலங்காரம் துளியும் இல்லாத ஒரே நூல் அது.

'உட்ஸ்டாக்' நாவல் 8,000 பவுனுக்கு மேல் போனது. அப்புறம் ஒன்பது தொகுதி நெப்போலியன் வரலாறு. இரண்டே ஆண்டில் 40,000 பவுன் அளவுக்கு அடைத்தார். கணக்குவழக்கு அம்பலமானதால் ரகசியம் காக்கவும் வழியில்லை. 1827 பிப்ரவரி 23 அன்று எடின்பரோவில் நடந்த ஒரு விருந்தில் எல்லா நாவல்களும் நான் எழுதியவைதான் என்று எழுந்து சொன்னார். அந்த ஆண்டு எழுதிய 'தி சர்ஜன்ஸ் டாட்டர்' குறுநாவலில் மதராஸும் மைசூரும் வருகின்றன, ஹைதர் அலியும் திப்புவும் பாத்திரங்கள். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. போய்வந்த ராணுவ நண்பரிடம் கேட்டு எழுதினார். நம்மூர் வருகிறதே என்று ஆசையாக எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உண்மையில் கடனைக் கரைத்தது புது நாவல்கள் அல்ல, பழையவற்றின் மறுபதிப்பு. ராபர்ட் கேடல் என்ற பதிப்பாளரின் யோசனை: எல்லா நாவல்களையும் புது முன்னுரை, குறிப்புகளோடு, மாதம் ஒன்றாக, ஐந்து ஷில்லிங் விலையில் போடுவது. 1829 ஜூனில் தொடங்கி 48 தொகுதிகள். ஒன்றரை கினி கொடுக்க முடியாதவர்களும் வாங்கினார்கள். மாத விற்பனை முப்பதாயிரத்தைத் தாண்டியது. கவிதைக்குப் பின்னால் குறிப்பு எழுதி ஆரம்பித்தவர் கடைசியில் தன் நாவல்களுக்கே குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

உடல் தாங்கவில்லை. 1830-லிருந்து அடுத்தடுத்துப் பக்கவாதம். அரசாங்கம் கப்பல் கொடுத்து மால்டாவுக்கும் நேப்பிள்ஸுக்கும் அனுப்பியும் தேறவில்லை. திரும்பி வந்து 1832 செப்டம்பர் 21 அன்று அபட்ஸ்ஃபோர்டில் இறந்தார். மிச்சக் கடன் ஆயுள் காப்பீட்டுத் தொகையிலும் பதிப்புரிமையிலும் தீர்ந்தது.

ஆக, பைரன் வராமல் இருந்திருந்தாலும் அவர் நாவலுக்கு வந்திருப்பார் என்பது என் கணிப்பு. சில ஆண்டு தாமதமாகியிருக்கும், இன்னும் இரண்டு மூன்று சுமாரான நெடுங்கவிதைகள் கிடைத்திருக்கும்.

படிக்க நினைத்தால் 'ஐவன்ஹோ'வில் தொடங்காதீர்கள். 'ஓல்டு மோர்ட்டாலிட்டி' அல்லது 'தி ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்' எடுங்கள். ஸ்காட் வழக்கு முதலில் தடுக்கும். பின்னால் சொல்விளக்கம் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்கினால் ஐம்பது பக்கத்தில் பழகிவிடும். 'வேவர்லி' என்றால் ஆரம்ப அத்தியாயங்கள் சிலவற்றைத் தாண்டி நாயகன் ஸ்காட்லாந்துக்குள் நுழையும் இடத்திலிருந்து படிக்கலாம், ஒன்றும் குறையாது. கவிதையில் 'தி லேடி ஆஃப் தி லேக்' ஒன்று போதும், பின்குறிப்புகளோடு.